எண்ணூர் ஆஸ்டின் முதல் திருவொற்றியூர் புல்லட் வரை: கார்புரேட்டரின் கதை

ராயபுரத்திலிருந்து கடலை வலது பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே போனால் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வரிசையாக வரும். மீன்பிடித் துறைமுகம், கன்டெய்னர் லாரிகள், தொழிற்சாலைச் சுவர்கள், அனல் மின் நிலையப் புகைபோக்கிகள். வடசென்னை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இவைதான். ஆனால் இந்தியாவின் மோட்டார் வரலாற்றில் இந்தச் சாலைக்குத் தனி இடம் உண்டு. சில கிலோமீட்டர் இடைவெளியில் இங்கே இரண்டு பெரிய வாகனத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஒன்று எண்ணூரில், 1949-ல் கார் செய்யத் தொடங்கியது. இன்னொன்று திருவொற்றியூரில், 1955-ல் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. இரண்டும் தொடங்கியது கார்புரேட்டர் எஞ்சினில்தான். எண்ணூர் சில ஆண்டுகளிலேயே கார்புரேட்டரைக் கைவிட்டது. திருவொற்றியூரில் பிறந்த வண்டியோ 2020 வரை அதை விடவில்லை. ஏன் இந்த வித்தியாசம்? கார்புரேட்டரை ஏன் காதால் கேட்டு டியூன் செய்தார்கள்? அந்தக் காது ஏன் வேலை இழந்தது? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: எஞ்சினுக்குள் போகும் காற்றை யார் அளக்கிறார்கள் என்பதில்.

சின்னக் கருவி, பெரிய வேலை

பெட்ரோல் தனியாக எரியாது. காற்றோடு கலந்தால்தான் எரியும். அந்தக் கலவைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று குறைந்தால் கலவை ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். கரும்புகை வரும், பிளக் கருப்பாகும். காற்று கூடினால் கலவை லீன், அதாவது பெட்ரோல் குறைவு. எஞ்சின் சூடேறும், இழுவை குறையும், பிளக் வெள்ளையாக வெளுக்கும். இந்த விகிதத்தில் பெட்ரோலைக் காற்றில் கலந்து கொடுப்பதுதான் கார்புரேட்டரின் வேலை.

அது எப்படி அளக்கிறது? இத்தாலிய இயற்பியலாளர் ஜியோவன்னி வெஞ்சூரி 1797-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதற்கான விடை இருந்தது. குறுகிய கழுத்து உள்ள குழாயில் காற்று போகும்போது அந்தக் கழுத்தில் அதன் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தில் ஒரு நுண்ணிய துளையை வைத்தால், பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தானாக மேலேறித் தூவலாக விழும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் வரும். மின்சாரம் வேண்டாம், கணிப்பொறி வேண்டாம். 1893-ல் ஹங்கேரியின் டோனாட் பாங்கியும் யானோஸ் சோன்காவும், ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக்கும் இந்த வகைத் தூவல் கார்புரேட்டரைத் தனித்தனியே உருவாக்கினார்கள். பூக்காரப் பெண் ஒருத்தி பூக்களின் மேல் தண்ணீர் தூவுவதைப் பார்த்து ஹங்கேரிக்காரர்களுக்கு யோசனை வந்ததாக ஒரு கதையும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை இருக்கிறது. எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் அந்தக் கழுத்து வழியாகவே போக வேண்டும். வேறு வழியில் கொஞ்சம் நுழைந்தாலும் அது கார்புரேட்டருக்குத் தெரியாத காற்று. தெரியாத காற்றுக்கு அது பெட்ரோல் கொடுக்காது. கணக்கு அங்கேயே தப்பிவிடும். இதைத்தான் வேக்குவம் லீக் என்கிறார்கள். நம் பட்டறைகளில் இதற்கு இன்னும் நல்ல பெயர் இருக்கிறது: "ஏர் இழுக்குது."

எண்ணூருக்கு வந்த ஆஸ்டின்

சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, 1948 செப்டம்பரில், ரகுநந்தன் சரண் என்ற தொழிலதிபர் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இவர் பஞ்சாபைச் சேர்ந்தவர், சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர். நவீனத் தொழில் ஒன்றைத் தொடங்குமாறு நேரு இவரைத் தூண்டினார் என்பது அந்த நிறுவனத்தின் வரலாற்றில் சொல்லப்படுவது. தன் மகன் அசோக்கின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். 1949-ல் எண்ணூர் தொழிற்சாலையில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே லாங்பிரிட்ஜில் இருந்த ஆஸ்டின் தொழிற்சாலையின் பாகங்கள் கப்பலில் வரும். எண்ணூரில் அவற்றை ஒன்றுசேர்ப்பார்கள்.

ஏ40 போருக்குப் பிந்தைய கார். 1947-ல் அறிமுகமானது. நான்கு சிலிண்டர், 1200 சி.சி., சுமார் 40 குதிரைசக்தி. தலையில் ஒரே ஒரு ஜெனித் கார்புரேட்டர். காற்று மேலிருந்து கீழே இறங்கும் வகை அது. இன்றைய கணக்கில் 40 குதிரைசக்தி ஒன்றுமே இல்லைதான். ஆனால் அன்று நான்கு பேரை ஏற்றிக்கொண்டு தூர ஊர்களுக்குப் போக அது போதுமானதாக இருந்தது.

இந்த எஞ்சினுக்கு இந்தியாவில் இன்னொரு பிறவியும் உண்டு. ஏ40-யின் எஞ்சின் வடிவமைப்பிலிருந்துதான் பின்னாளில் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி சீரிஸ்' எஞ்சின் உருவானது. அதன் 1489 சி.சி. வடிவம் கல்கத்தா அருகே உத்தரபாராவில் தயாரான அம்பாசிடர் காருக்குள் போனது. ஆகவே எண்ணூரில் ஆஸ்டின் நின்ற பிறகும் அதன் சொந்தக்காரன் சென்னைத் தெருக்களில் டாக்ஸியாகவும் அரசாங்கக் காராகவும் பல பத்தாண்டுகள் ஓடினான். ஆஸ்டினில் கற்ற கைவேலை வீண் போகவில்லை.

"ஏர் இழுக்குது"

ஒரு பழைய ஆஸ்டினோ அம்பாசிடரோ ஐடிலிங்கில் நிற்கவில்லை என்று பட்டறைக்கு வருகிறது. சிக்னலில் நின்றால் எஞ்சின் அணைந்துவிடுகிறது, அல்லது தானாகவே வேகம் ஏறி இரைகிறது. மிதித்ததும் ஒரு கணம் தடுமாறுகிறது. சில நேரம் கார்புரேட்டர் வழியாகவே 'டப்' என்று இருமுகிறது. பழக்கம் இல்லாதவர் செய்யும் முதல் வேலை கார்புரேட்டரைக் கழற்றுவது. பழக்கம் உள்ளவர் முதலில் காது கொடுத்துக் கேட்பார். எங்காவது மெல்லிய 'உஸ்' சத்தம் வருகிறதா?

காரணம் இதுதான். ஐடிலிங்கில் த்ராட்டில் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் கீழே இறங்கிக் காற்றை உறிஞ்சப் பார்க்கின்றன; கதவோ விடுவதில்லை. அதனால் கதவுக்குக் கீழே, இன்டேக் மேனிஃபோல்டில், பெரிய வெற்றிடம் உண்டாகிறது. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் வேக்குவம் கேஜ் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். முள் ஆடாமல் நிற்கும். இந்த நிலையில் எங்காவது ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று பாய்ந்து உள்ளே போகும். ஐடிலிங்கில் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம்தான் என்பதால் அந்தச் சிறு கசிவே பெரிய பங்காகிவிடுகிறது. வேகமாகப் போகும்போது கதவு திறந்துவிடும், வெற்றிடம் குறையும், கசிவின் பாதிப்பும் தெரியாது. ஐடிலிங்கில் கெட்டது வேகத்தில் சரியாகிவிட்டால் ஏர் லீக் என்று மெக்கானிக்குகள் முதலில் சந்தேகப்படுவது இதனால்தான்.

கசிவு வரும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்த இடங்களே. கார்புரேட்டரின் அடியில் உள்ள கேஸ்கட். மேனிஃபோல்டும் சிலிண்டர் தலையும் சேரும் இடத்தின் கேஸ்கட். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாய், அதன் முனையில் உள்ள டயாஃப்ரம். கடைசியாக, எல்லோரும் மறந்துவிடும் ஒன்று: த்ராட்டில் கதவைத் தாங்கும் மெல்லிய தண்டு. வருடக்கணக்கில் சுழன்று சுழன்று அதன் இருபுறத் துளைகளும் தேய்ந்துவிடும். தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆடும். எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் இந்தக் கசிவு போகாது. துளையைப் பெரிதாக்கிப் புதிய புஷ் அடித்தால்தான் போகும். இது லேத்துப் பட்டறையின் வேலை.

கசிவைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. எஞ்சின் ஓடும்போது சந்தேகமான இணைப்புகளின் மேல் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது அடிப்பார்கள். எந்த இடத்தில் அடிக்கும்போது எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அங்கே கசிவு. முன்பெல்லாம் சிலர் பெட்ரோலையே சொட்டு விடுவார்கள். இது ஆபத்தான பழக்கம். ஆஸ்டின் போன்ற எஞ்சின்களில் இன்டேக், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். சொட்டும் பெட்ரோல் கொதிக்கும் எக்ஸாஸ்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை! கிளீனரும் தீப்பிடிக்கும் பொருள்தான். அதனால் தெரிந்தவர்கள் எஞ்சின் எண்ணெயைச் சில சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். எண்ணெய் விரிசலைக் கொஞ்ச நேரம் அடைக்கும். அந்த நேரத்தில் ஐடிலிங் சீரானால் இடம் தெரிந்துவிடும்.

ஸ்க்ரூவைத் தொடும் முன்

டியூனிங் என்றதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகுவதுதான் நினைவுக்கு வரும். உண்மையில் கார்புரேட்டர் டியூனிங் என்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் ஒரு வரிசை உண்டு. முதலில் வால்வு இடைவெளி. பிறகு டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட்டின் இடைவெளி. பிறகு இக்னிஷன் டைமிங். பிறகு ஏர் லீக் சோதனை. பிறகு மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம். இவை எல்லாம் சரியான பிறகே ஸ்க்ரூ.

இந்த வரிசை ஏன்? தீப்பொறி தாமதமாக வந்தாலும் ஐடிலிங் தடுமாறும். கசிவு இருந்தாலும் தடுமாறும். ஸ்க்ரூவைத் திருகிக் கலவையை ரிச் ஆக்கினால் இரண்டு நோயும் தற்காலிகமாக மறையும். நோய் அப்படியே இருக்கும், பெட்ரோல் செலவு மட்டும் கூடும். "மைலேஜ் கொடுக்கவில்லை" என்று அடுத்த மாதம் வண்டி திரும்பி வரும்.

எல்லாம் சரியென்றால் டியூனிங் பத்து நிமிட வேலை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சோக்கை முழுதாக விட்டு, கலவை ஸ்க்ரூவை மெதுவாகத் திருக வேண்டும். ஒரு பக்கம் திருகினால் எஞ்சின் குளறும். மறுபக்கம் திருகினால் கனத்துப் போகும். இரண்டுக்கும் நடுவில் எஞ்சின் வேகமாகவும் சீராகவும் ஓடும் ஓர் இடம் இருக்கும். அங்கே நிறுத்திவிட்டு, த்ராட்டில் ஸ்க்ரூவைத் தளர்த்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். மறுபடி கலவை, மறுபடி வேகம். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் எஞ்சின் அமைதியாக நின்று ஓடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் போன்ற கார்களில் இருந்த சோலெக்ஸ் வகையில் கலவை ஸ்க்ரூவை உள்ளே திருகினால் கலவை லீன் ஆகும். ஏனென்றால் அது பெட்ரோல் கலவையின் வழியை அடைக்கிறது. புல்லட்டில் இருந்த வகையில் உள்ளே திருகினால் ரிச் ஆகும். ஏனென்றால் அது காற்றின் வழியை அடைக்கிறது. காரில் கை தேர்ந்தவர் புல்லட்டுக்கு வந்தால் முதல் நாள் தலைகீழாகத்தான் செய்வார்.

இன்னொன்றும் உண்டு. கடல் மட்டத்தில் உள்ள எண்ணூரில் கச்சிதமாக டியூன் செய்த காரை ஊட்டிக்கு ஓட்டிப் போனால் கரும்புகை விடும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடுகிறது. ஜெட்டின் துளையோ மாறுவதில்லை. கார்புரேட்டர் காற்றின் எடையை அளப்பதில்லை, அதன் ஓட்டத்துக்கு ஏற்ப மட்டுமே பெட்ரோல் கொடுக்கிறது. இந்தக் குறைதான் பின்னாளில் அதன் முடிவுக்கும் காரணமானது.

எண்ணூர் டீசலுக்கு மாறியது

அசோக் மோட்டார்ஸ் கார் பூட்டத் தொடங்கிய சில மாதங்களிலேயே ஒரு கேள்வி எழுந்தது. இந்த நாட்டுக்கு இப்போது வேண்டியது காரா, லாரியா? கார் வாங்கக்கூடியவர்கள் சிலரே. அரிசியும் சிமெண்டும் ஏற்றிச் செல்ல லாரிகளோ போதவில்லை. ரகுநந்தன் சரணே இதை உணர்ந்து இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருந்தார். 1950-ல் ஒப்பந்தம் ஆனது. 1951-ல் எண்ணூரில் பூட்டிய முதல் லேலண்ட் வண்டிகள் நான்கு காமெட் டிப்பர்கள். அவை மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போயின. சரண் ஒரு விமான விபத்தில் இறந்தது நிறுவனத்துக்குப் பெரிய அடி.

அரசாங்கத்தின் கொள்கையும் மாறியது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டுவது மட்டும் போதாது, உள்நாட்டில் படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும் என்பது 1953-ல் வந்த முடிவு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவிலிருந்து கிளம்பியது இதனால்தான். எண்ணூருக்கு வழி தெளிவாக இருந்தது. 1954-ல் ஆண்டுக்கு 1,000 காமெட் தயாரிக்க உரிமம் கிடைத்தது. 1955-ல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. ஆஸ்டின் கதை அத்தோடு முடிந்தது.

இந்த மாற்றம் பட்டறைக்கும் பெரிய மாற்றம். டீசல் எஞ்சினில் கார்புரேட்டர் கிடையாது. உள்ளே போகும் காற்றை அது கட்டுப்படுத்துவதே இல்லை. முழுக் காற்றையும் விட்டுவிட்டு, டீசலின் அளவை மட்டும் பம்ப் மூலம் கூட்டிக் குறைக்கிறது. பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் த்ராட்டில் கதவே இல்லை. கதவு இல்லையென்றால் வெற்றிடமும் இல்லை. வெற்றிடத்தால் இயங்கும் பிரேக் வைத்த டீசல் லாரிகளுக்கு அந்த வெற்றிடத்தை உண்டாக்கவே தனியாக ஒரு எக்ஸாஸ்டர் பம்ப் வைக்க வேண்டியிருந்தது. பெட்ரோல் எஞ்சினில் இலவசமாகக் கிடைத்த ஒன்றை டீசலில் விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று! எண்ணூர்த் தொழிலாளிகள் கார்புரேட்டர் ஸ்க்ரூவை விட்டு இன்ஜெக்டரையும் பம்பையும் கற்றுக்கொண்டார்கள்.

திருவொற்றியூர் விடாமல் பிடித்தது

எண்ணூர் பெட்ரோலை விட்ட அதே 1955-ல், அதற்குத் தெற்கே திருவொற்றியூரில் பெட்ரோல் எஞ்சின் ஒன்று குடியேறியது. எல்லைக் காவலுக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேடிய இந்திய இராணுவம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு புல்லட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது. மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை உருவாக்கின. முதலில் இங்கிலாந்தின் பாகங்களைப் பூட்டினார்கள். 1957-ல் அச்சுகளும் கருவிகளும் இங்கே வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராயின. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு மூடப்பட்டது. தாய் மறைந்தாள், பிள்ளை திருவொற்றியூரில் வளர்ந்தது. 1977-ல் இங்கிருந்தே இங்கிலாந்துக்குப் புல்லட் ஏற்றுமதி தொடங்கியது.

346 சி.சி., ஒற்றை சிலிண்டர், 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். கார்புரேட்டர் முதலில் ஆமால் வகை. பின்னாளில் ஜப்பானின் மிகுனி வடிவமைப்பைத் தழுவிய மிக்கார்ப். புல்லட்டைக் கிளப்புவதே ஒரு சடங்கு. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரைப் பிடித்து பிஸ்டனைக் கொஞ்சம் தாண்டவிட்டு, பிறகு ஓங்கி ஓர் உதை. டியூனிங் சரியாக இருந்தால் ஒரே உதையில் கிளம்பும். இல்லாவிட்டால் காலைப் பதம் பார்க்கும்.

ஒற்றை சிலிண்டர் என்பதால் தவறு உடனே காதுக்குத் தெரியும். நான்கு சிலிண்டர் காரில் ஒன்று தடுமாறினால் மற்ற மூன்றும் மறைத்துவிடும். புல்லட்டில் மறைக்க யாரும் இல்லை. கார்புரேட்டரும் தலையும் சேரும் இடத்தில் ஏர் இழுத்தால் அந்த 'டுக் டுக்' தாளமே தப்பும். புல்லட் மெக்கானிக் என்று தனியாக ஒரு தொழில் தமிழ்நாட்டில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணூரில் முடிந்துபோன காது வேலை இங்கே தொடர்ந்தது.

திருவொற்றியூரிலும் டீசல் எட்டிப்பார்த்தது. டாரஸ் என்ற 325 சி.சி. டீசல் புல்லட் வந்தது. புகையும் அதிர்வும் அதிகம், ஆனால் மைலேஜ் அபாரம். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் அது மறைந்தது. பெட்ரோல் புல்லட் நின்றது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. திருவொற்றியூருக்குப் பக்கத்திலேயே மணலியில் 1969-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் இயங்கத் தொடங்கியது. எஞ்சினும் இந்தப் பகுதியில், பெட்ரோலும் இந்தப் பகுதியில். அவற்றின் புகையும் இந்தப் பகுதி மக்களுக்கே!

சோழவரத்தில் ஒரு பரீட்சை

டியூனிங்குக்கு அன்று பொதுமேடை ஒன்று இருந்தது. சென்னைக்கு வடமேற்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வரும் வரை தென்னிந்தியப் பந்தயம் என்றால் சோழவரம்தான்.

இறக்குமதி கடினமான காலம் அது. புதிய எஞ்சின் கிடைக்காது. இருக்கும் எஞ்சினில்தான் எல்லா வித்தையும். பந்தயத்துக்குச் சாலை டியூனிங் பயன்படாது. முழு வேகத்தில் அதிக சக்தி கிடைக்கக் கலவை 12.5 அல்லது 13-க்கு 1 என்று கொஞ்சம் ரிச் ஆக இருக்க வேண்டும். அதற்குப் பெரிய ஜெட். ஜெட் சரியா என்று பார்க்க, முழு வேகத்தில் ஓட்டி, எஞ்சினை அந்தக் கணமே அணைத்து, பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார்கள். இளம் பழுப்பு என்றால் சரி. வெள்ளை என்றால் பிஸ்டன் உருகும் அபாயம். வீட்டில் உளுந்து ஊறியதைக் கையால் தொட்டே பதம் சொல்வதைப் போன்ற அறிவு இது. எழுதி வைத்துப் படித்ததல்ல. பக்கத்தில் நின்று பார்த்து வந்தது.

காதுக்குக் கேட்காதது

காதால் டியூன் செய்வதில் ஒரு பெரிய குறை உண்டு. எஞ்சின் சீராக ஓடும் இடமும் புகை குறைவாக வரும் இடமும் ஒன்றல்ல. காதுக்கு இனிமையான ஐடிலிங் பெரும்பாலும் கொஞ்சம் ரிச் பக்கம்தான் இருக்கும். அந்த ரிச் கலவையிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எந்த மெக்கானிக்கின் காதும் அதைக் கேட்டதில்லை.

1990-களில் புகைப் பரிசோதனை வந்தது. குழாயை எக்ஸாஸ்டில் நுழைத்தால் இயந்திரம் சதவீதம் சொல்லும். பின்னர் 2004-ல் வந்த வரம்புப்படி, 2000 மார்ச்சுக்கு முந்தைய இரு சக்கர வாகனத்துக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி. பழைய கார்களுக்கு 3 சதவீதம். பாரத் ஸ்டேஜ் 2 கார்களுக்கோ 0.5 சதவீதம்தான். 3-லிருந்து 0.5-க்கு இறங்குவது ஸ்க்ரூவால் ஆகும் காரியமில்லை. அதற்கு கேட்டலிடிக் கன்வர்ட்டர் வேண்டும். கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யக் கலவை 14.7-ஐ விட்டு நகரவே கூடாது. வெயிலானாலும் மழையானாலும், எண்ணூரானாலும் ஊட்டியானாலும் மாறக் கூடாது. கார்புரேட்டரால் அது முடியாது. எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் சென்சார் வைத்து, நொடிக்குப் பலமுறை கணக்குப் போடும் கணிப்பொறியால் முடியும். மாருதி 800 காரே 2000-ஆம் ஆண்டு வாக்கில் கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்ஷனுக்கு மாறியது.

ராயல் என்ஃபீல்டில் இன்ஜெக்ஷன் 2009-ல் கிளாசிக் 500 மூலம் வந்தது. 350 சி.சி. புல்லட்டோ கார்புரேட்டரோடு தொடர்ந்தது. 2020 ஏப்ரல் 1-ல் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தபோது அதுவும் நின்றது. எண்ணூரில் ஆஸ்டினோடு முடிந்த கார்புரேட்டர் புல்லட்டில் முடிய மேலும் 65 ஆண்டுகள் ஆயின.

இது இழப்பா, லாபமா? இரண்டும்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாடு முழுவதும் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளில் ஒன்றாக மணலியைச் சேர்த்தது. அப்படிப்பட்ட காற்றைச் சுவாசிப்பவர்களுக்கு வண்டிப் புகை குறைவது நல்ல செய்தி. அதே சமயம், ஒரு ஸ்க்ரூ டிரைவரும் நல்ல காதும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற தெருவோரப் பட்டறைக்கு அது கெட்ட செய்தி. இன்ஜெக்ஷன் வண்டியிலும் ஏர் லீக் வரத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்ல ஸ்கேனர் வேண்டும், ஸ்கேனர் வாங்கப் பணம் வேண்டும்.

இன்றைய சிக்கல்: எத்தனால்

பழைய ஆஸ்டினையும் ஹெரால்டையும் புல்லட்டையும் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு இப்போது புதிய தலைவலி வந்திருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் எரிய அதன் எடையைப் போல 9 மடங்கு காற்று போதும், பெட்ரோலுக்கு 14.7 மடங்கு. ஜெட்டின் துளை அன்று பெட்ரோலுக்காகப் போட்டது. ஆகவே அதே கார்புரேட்டரில் கலவை தானாகவே லீன் பக்கம் சாய்கிறது. போதாததற்கு எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் டயாஃப்ரங்களையும் கெடுக்கிறது. ஈரத்தை இழுத்துக்கொண்டு துத்தநாகக் கலவையில் செய்த கார்புரேட்டரை அரிக்கிறது. கடலோரத்தில் ஓரமாக நிற்கும் வண்டிக்குச் சொல்லவே வேண்டாம்.

அதாவது ஏர் லீக் வரும், அதன் அறிகுறியைப் போலவே எரிபொருளின் குணமும் வரும், இரண்டையும் பிரித்தறிய வேண்டும். பழைய வரிசை இங்கேதான் கைகொடுக்கிறது. முதலில் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவது, கசிவு இல்லை என்று உறுதி செய்வது, அதற்குப் பிறகு ஓர் அளவு பெரிய ஜெட் போட்டு பிளக்கின் நிறத்தைப் பார்ப்பது. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தைக் காலி செய்துவிடுவது. இதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவர்கள் கற்றதைப் பாலிடெக்னிக் பாடப்புத்தகத்தில் முழுதாகக் காண முடியாது. தொழிற்பயிற்சி மாணவர்கள் சிலர் இவர்களிடம் சில மாதம் நின்று, வேக்குவம் கேஜ் முள்ளையும் எஞ்சின் சத்தத்தையும் சேர்த்துப் படித்துக் குறித்து வைத்தால், பழைய வண்டிகளாவது அருங்காட்சியகப் பொம்மையாகாமல் ஓடும்.

1949-ல் காரின் பாகங்கள் கப்பலில் வந்து எண்ணூரில் காராயின. 2001-ல் அதே எண்ணூரில் புதிய துறைமுகம் திறந்தது. 2010 முதல் அங்கிருந்து முழுக் கார்களே கப்பலேறி வெளிநாடு போகின்றன. அவற்றில் ஒன்றில்கூடக் கார்புரேட்டர் இல்லை. உள்ளே போகும் காற்றை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுப்பது என்ற கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.